113 பேர், ஆளுக்கு ஒன்றிரண்டு பக்கம்: ‘கம்பெனி கே’ படித்து முடித்தேன், மனம் ஒரு நிலையில் இல்லை

வைகைக்கரை
சனி, காலை 6.40

நேற்று இரவு வில்லியம் மார்ச்சின் ‘கம்பெனி கே’ நாவலைப் படித்து முடித்தேன். அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை. பிடித்ததா என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இங்கே படித்தவர்கள் இருந்தால் பேசலாம் என்றுதான் இந்த இழை.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1933இல் வந்த அமெரிக்க நாவல். முதல் உலகப் போரில் சண்டைக்காகப் பிரான்ஸ் போன ஒரு கம்பெனிச் சிப்பாய்களின் கதை. கம்பெனி என்றால் இங்கே ராணுவத்தின் ஒரு படைப்பிரிவு. மொத்தம் 113 அத்தியாயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படைவீரனின் பதவியும் பெயரும்தான் தலைப்பு. அவனே தன் வாயால் பேசுவான். ஒன்று அல்லது இரண்டு பக்கம், சிலருக்கு இன்னும் கொஞ்சம். பக்கத்தைத் திருப்பினால் வேறொருவன். பயிற்சி முகாம், கப்பல், பதுங்குகுழி, தாக்குதல், மருத்துவமனை, ஊர் திரும்பியது, திரும்பிய பிறகு பல வருடம் என்று காலம் நகர்கிறது. ஒருமுறை பேசியவனுக்கு இரண்டாவது முறை பேச வாய்ப்பில்லை. மற்றவர்கள் பேச்சில் அவன் பெயர் வந்து போகலாம், அவ்வளவுதான்.

நான் பள்ளியில் வரலாறு எடுப்பவள். பெயர்களைக் குறித்துக்கொண்டு படிப்பது பழக்கம். ஒரு நோட்டில் பெயர், பதவி, என்ன நடந்தது என்று மூன்று பத்தி போட்டு எழுதத் தொடங்கினேன். நாற்பது பெயர் வரை எழுதினேன். அதற்கு மேல் முடியவில்லை. இவன் யார், இவனை முன்பு எங்கே பார்த்தோம் என்று பின்னால் புரட்டிப் புரட்டிக் கை ஓய்ந்துவிட்டது.

சில அத்தியாயங்கள் என்னை உலுக்கிவிட்டன. இறந்தவர்களின் வீடுகளுக்குக் கடிதம் எழுதும் வேலை சில்வெஸ்டர் வெண்டல் என்ற சிப்பாய்க்கு வருகிறது. உங்கள் மகன் வீரமாக இறந்தான், வலியில்லாமல் இறந்தான் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகிறான். ஒரு கட்டத்தில் தாங்காமல், ஒரு தாய்க்கு நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறான். பேன், வயிற்றுப்போக்கு, அழுகிய பாதம், கத்திக் கத்தி மெதுவாகச் செத்தது, எல்லாம். எழுதி முடித்து அந்தக் கடிதத்தைத் துண்டு துண்டாகக் கிழிக்கிறான். இவ்வளவும் இரண்டு பக்கத்துக்குள்.

ஆனால் இப்படி ஒன்று வந்தால், கடைசி வரியில் ஒரு சம்மட்டி அடி கொடுத்துவிட்டு ஓடிப்போகும் அத்தியாயங்கள் நான்கைந்து வருகின்றன. ஐம்பதாவது அடி விழும்போது எனக்கு வலிக்கவில்லை. ஒருவன் சாகப்போகிறான் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஒரு மனிதனோடு பழகுவதற்குள் அவனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார் ஆசிரியர். ‘போரும் அப்படித்தானே’ என்பது எளிதான பதில். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பழம்புத்தகம்
சனி, காலை 8.15

அக்கா, இந்த நாவலைப் பற்றித் தமிழில் ஒரு இழை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு மிகவும் நெருக்கமான புத்தகம். நான்கு முறை படித்திருக்கிறேன்.

நீங்கள் நோட்டுப் போட்டுப் படித்ததுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். இதை எப்படிப் படிக்க வேண்டும் என்று முதல் அத்தியாயத்திலேயே ஆசிரியர் சொல்லிவிடுகிறார். ஜோசப் டிலேனி என்ற முன்னாள் சிப்பாய் தன் புத்தகத்தை எழுதி முடித்துவிட்டு வீட்டுத் திண்ணையில் மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஓர் ஆசை. இந்தக் கதைகளை எல்லாம் ஒரு பெரிய சக்கரத்தில் ஆளுக்கொரு முளையில் மாட்டிச் சுற்றிவிட வேண்டும். வேகம் ஏற ஏறத் தனித்தனி முகங்கள் கலங்கி, ஒன்றுக்குள் ஒன்று ஓடி, முடிவில்லாத ஒரே வலி வட்டமாகத் தெரிய வேண்டும். அதுதான் போரின் படம் என்கிறான். அப்படியென்றால் பெயர்கள் குழம்புவதுதான் அவர் வேண்டியது.

மார்ச் வெளியே நின்று பார்த்து எழுதியவர் இல்லை. உண்மைப் பெயர் வில்லியம் எட்வர்ட் கேம்பல். அலபாமா மாநிலம் மொபைல் நகரத்தில் 1893இல் பிறந்தவர். அமெரிக்க மரீன் படையின் 5ஆவது ரெஜிமெண்டில் சேர்ந்து 1918இல் பிரான்ஸ் போனார். பெலோ காட்டுச் சண்டையில் காயம்பட்டார். தேறி வந்து அக்டோபரில் பிளாங் மோன் மேட்டுத் தாக்குதலில் மறுபடி நின்றார். நேவி கிராஸ், டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் கிராஸ், பிரான்ஸின் க்ருவா த கேர் என்ற மூன்று வீரப் பதக்கங்களும் வாங்கியவர்.

அந்தப் பெலோ காட்டில் 1918 ஜூன் 6 என்ற ஒரே நாளில் மரீன்களில் 1,087 பேர் இறந்தோ காயப்பட்டோ போனார்கள். அதுவரையிலான அந்தப் படையின் மொத்த வரலாற்றிலும் அவ்வளவு இழப்பு இருந்ததில்லை. வெண்டல் கிழித்த கடிதத்துக்கு உரியவன் சாவதும் அதே காட்டில்தான். காலையில் பக்கத்தில் நின்று காபி குடித்தவனின் பெயரை மாலையில் யாரோ பட்டியலில் படித்த ஒருவர், ஒருவனுக்கு 300 பக்கம் ஒதுக்கி நாவல் எழுதுவாரா? எனக்கு இந்த வடிவம் ஒரு உத்தியாகவே படவில்லை. அவர் கண்டது அந்த அளவில்தான் இருந்தது.

தாழை
சனி, காலை 10.50

பழம்புத்தகம், உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் ஆசிரியர் அனுபவித்தவர் என்பதால் வடிவம் சரியாகிவிடாது. நான் வைகைக்கரை அக்கா பக்கம். இன்னும் ஒரு படி கூடவே போவேன்.

இந்த நாவலில் 113 பேர் பேசுகிறார்கள், குரல் ஒன்றே ஒன்று. பண்ணையில் மாடு மேய்த்தவன், நிறையப் படித்தவன், திருடிப் பிழைத்தவன், அதிகாரி, எல்லோரும் ஒரே நீளத்துக்கு வாக்கியம் பேசுகிறார்கள். சொல்வதும் ஒரே மாதிரி: முதலில் சாதாரணமாக, நடுவில் ஒரு காட்சி, கடைசியில் கசப்பு. தலைப்பில் இருக்கும் பெயரை மறைத்துவிட்டுப் பத்து அத்தியாயங்களை என்னிடம் கொடுத்தால் யார் யாரென்று என்னால் சொல்ல முடியாது. ஒரு கிராமத்து டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பத்துக் குரல் கேட்கும். இவ்வளவு பெரிய கம்பெனியில் கேட்காதா?

சக்கரம் என்ற உவமையும் எனக்கு ஒரு முன்ஜாமீன் போலத்தான் தெரிகிறது. முகங்கள் கலங்கித் தெரிய வேண்டும் என்றால், முதலில் அவை முகங்களாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதார ஒப்புக்கொள்கிறேன். கைதிகளைச் சுடும் பகுதி. அங்கே அவர் ஒரே சம்பவத்தைப் பல அத்தியாயங்களுக்கு விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு இது நாவல் என்று தோன்றியது. மற்ற இடங்களில் நல்ல, சில சமயம் மிக நல்ல, துணுக்குகள்.

பழம்புத்தகம்
சனி, காலை 11.05

துணுக்கு என்ற சொல் கடுமையாக இருக்கிறது. ஆனால் கைதிகள் பகுதி பற்றி நீங்கள் சொன்னதை யோசிக்க வேண்டும். மாலையில் வருகிறேன்.

ஓய்வு ஹவில்தார்
சனி, மாலை 5.30

எல்லோருக்கும் வணக்கம். நான் இலக்கியம் தெரிந்தவன் இல்லை. ராணுவத்தில் 17 வருடம், அதில் பெரும்பகுதி கம்பெனி ஆபீஸில் கிளார்க். மகள் கிண்டிலில் இந்தப் புத்தகத்தைப் போட்டுக் கொடுத்தாள். அகராதி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன்.

தாழை, குரல் ஒன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். பயிற்சிக்கு வந்த முதல் வாரம், திருநெல்வேலிப் பையன் திருநெல்வேலியாகப் பேசுவான், கோலார்க்காரன் கோலாராகப் பேசுவான். ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். ஒரே திட்டு, ஒரே கிண்டல், ஒரே மாதிரி பதில். சாப்பிடுகிற வேகம்கூட ஒன்றாகிவிடும். லீவில் வீட்டுக்குப் போனால் அம்மா, ‘என்னடா யாரோ மாதிரி பேசுற’ என்பாள். எனக்கு அது நடந்தது. ஆகவே அந்த ஒரே குரல் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. கம்பெனியின் குரலே அதுதான்.

ஆனால் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாகும் நேரத்திலும், காய்ச்சலில் பிதற்றும்போதும் அந்தக் குரல் போய்விடும். பழைய ஊர்ப் பேச்சு திரும்ப வந்துவிடும். அதை நான் காதால் கேட்டிருக்கிறேன். புத்தகத்தில் அது இல்லை.

வெண்டல் கடிதம் பற்றி. வீட்டுக்குப் போகும் கடிதத்தை நாங்கள் தமிழில் கையால் எழுதுவோம். மேஜர் கையெழுத்துப் போடுவார். அதற்கென்று சில வரிகள் உண்டு, மாற்ற மாட்டோம். நான் அப்படி ஒன்பது கடிதம் எழுதியிருக்கிறேன். உண்மையை எழுதிவிடலாமா என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அதனால் வெண்டல் எழுதத் தொடங்கியபோது எனக்கு அவன் மேல் கோபம்தான் வந்தது. கிழித்தபோது மூச்சு வந்தது. அவன் கிழித்ததைக் கோழைத்தனம் என்று யாராவது எழுதியிருந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குப் பிடித்தது ப்ளெஸ் யான்சி பேசும் பகுதி. ஆற்றுக்கு இந்தக் கரையில் இவர்கள், அந்தக் கரையில் ஜெர்மானியர்கள். சண்டையில்லாத இடம். துணி துவைப்பதும் குளிப்பதுமாகச் சில நாட்கள். இரண்டு பக்கச் சிப்பாய்களும் ஒரு ஆற்றங்கரையில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் எந்தச் சண்டையும் ஒரு வாரம் தாங்காது என்று அவன் நினைக்கிறான். அதைப் படித்துவிட்டுக் கிண்டிலை மூடி வைத்துவிட்டேன். அடுத்த பக்கத்தை அன்றைக்குப் படிக்க விருப்பமில்லை.

மணிமொழி
சனி, இரவு 9.20

ஐயா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நன்றி.

நான் சொல்ல வருவது கொஞ்சம் வேறு. சின்னச் சின்னப் போர்ச் சித்திரங்களின் தொகை என்றால் நமக்குப் புதிதே இல்லை. புறநானூறு வேறென்ன? பல பேர் பாடியது, ஒவ்வொன்றும் சில வரி, தாய், மனைவி, பாணன், செத்தவன். காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278ஆவது பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே ஒன்பது வரி. மகன் புறமுதுகு காட்டினான் என்று ஊர் சொல்கிறது. அப்படியென்றால் அவன் பால் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்று கிழவி வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டுகிறாள். சிதைந்து வேறாகிக் கிடக்கும் மகனைக் கண்டு ‘ஈன்ற ஞான்றினும் பெரிது உவந்தனளே’ என்று முடிகிறது.

இந்த முடிவு எனக்குப் பதினாறு வயதில் புல்லரித்தது. இப்போது எனக்கு ஒரு மகன் இருக்கிறான். இப்போது படித்தால் அந்த ‘உவந்தனளே’வில் தொண்டை அடைக்கிறது. ‘கம்பெனி கே’யில் பெயர் தெரியாத சிப்பாய் அத்தியாயத்தைப் படிக்கும்போது இந்தப் பாட்டுதான் நினைவுக்கு வந்தது. முள்கம்பியில் குடல் சரிந்து தொங்கிக்கொண்டிருக்கிறான். ஊரில் போர்வீரர் கல்லறை முன் மேயர் ஆண்டுதோறும் பேசும் பேச்சு அவனுக்கு நினைவு வருகிறது. தன் சாவை வைத்து யாரும் அப்படிப் பேசிவிடக் கூடாது என்று அடையாளத் தகடு, கடிதம், அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் பிய்த்து எறிகிறான். இனி என் பிணத்தின் மேல் யாரும் பொய் சொல்ல முடியாது, ஜெயித்துவிட்டேன் என்று சாகிறான்.

113 தலைப்பில் இந்த ஒன்றுக்கு மட்டும்தான் பெயர் இல்லை. தலைப்பே ‘பெயர் தெரியாத சிப்பாய்’. 1921 நவம்பர் 11இல் அமெரிக்கா தன் பெயர் தெரியாத சிப்பாயை ஆர்லிங்டன் கல்லறையில் பெரிய மரியாதையோடு அடக்கம் செய்தது. பிரான்சில் அடையாளம் தெரியாத நான்கு உடல்களை வைத்து, ஒரு சார்ஜென்ட் வெள்ளை ரோஜாக்களை ஒன்றின் மேல் வைத்துத் தேர்ந்தெடுத்தது அது. இவன் எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் போனதே அவனை அந்தப் பெட்டிக்குத் தகுதியாக்குகிறது. அதை மார்ச் ஒரு சொல்கூட விளக்கவில்லை. தலைப்பை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். இதை நீளமாக எழுதியிருந்தால் கெட்டுப் போயிருக்கும். இந்த ஒரு இடத்துக்காகவே அந்தச் சுருக்கத்தை நான் மன்னிப்பேன்.

தாழை
சனி, இரவு 9.55

மணிமொழி, புறநானூறு பற்றி ஒன்று. அங்கே பாட்டுகளுக்கு நடுவில் நமக்கு மூச்சு விட இடம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று படிப்போம், ஆசிரியர் உரை சொல்வார், மனப்பாடம் செய்வோம். நாவல் என்று கையில் எடுத்தால் கதை நம்மை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுகிறது. ஹவில்தார் ஐயா ஆற்றங்கரைப் பகுதியோடு மூடி வைத்தார் பாருங்கள், அப்படிப் படித்தால்தான் இது எடுபடும் போல. நான் ஒரே ரயில் பயணத்தில் படித்து முடித்தேன். என் தவறாகவும் இருக்கலாம்.

வைகைக்கரை
ஞாயிறு, காலை 7.10

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கைதிகள் பகுதியை மட்டும் மறுபடி எடுத்து மெதுவாகப் படித்தேன். தாழை சொன்னது சரி. ஆனால் ஏன் சரி என்பதில் எனக்கு வேறு ஒன்று பிடிபட்டது.

கேப்டன் மேட்லாக் 22 ஜெர்மன் கைதிகளைச் சுட்டுவிடச் சொல்கிறார். உத்தரவு சார்ஜென்ட் பெல்ட்டனுக்கு வருகிறது, அவரிடமிருந்து கார்ப்பரல் ஃபாஸ்டருக்கு, அவரிடமிருந்து சிப்பாய்களுக்கு. உத்தரவு ஒவ்வொரு படியாக இறங்க, கதையும் ஒவ்வொருவர் வாயாக மாறுகிறது. மேலே இருப்பவர் வாயில் அது ஒரு வேலை. கீழே வர வர உடம்பில் ஏறுகிறது. வால்டர் ட்ரூரி என்பவன் முடியாது என்று ஓடிவிடுகிறான். சார்லஸ் கார்டன் சுடுகிறான். தனக்குச் சின்ன வயதிலிருந்து கருணை, நீதி என்று சொல்லிக் கொடுத்ததெல்லாம் பொய் என்று சுடும்போதே நினைக்கிறான். இதை ஒரே ஆள் வாயால் சொல்லியிருந்தால் யார் குற்றவாளி என்று நாம் ஒருவனைப் பிடித்து நிறுத்தியிருப்போம். இங்கே அந்த வசதி கிடைக்கவில்லை.

சுட்டு முடித்த பிறகு வருகிற ரிச்சர்ட் மண்டியின் பகுதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. முதல் முறை படித்தபோது வேகமாகத் தாண்டிவிட்டேன். அவன் பதுங்குகுழியில் உட்கார்ந்து துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்கிறான். பாகங்கள் சுற்றிக் கிடக்கின்றன. ஃபாஸ்டர் டின் கறியைத் திறக்கிறார். ஒருவன் அதை எட்டுச் சம பங்காகப் பிரிக்கிறான். கார்டன் வாயில் வைத்து வாசிக்கும் ஹார்மோனிகாவை எடுத்து ஒரு குதூகலமான மெட்டு வாசிக்கத் தொடங்க, எவரெட் குவால்ஸ் நிறுத்தச் சொல்கிறான். சாப்பாட்டைக் கண்டதும் ஒருவன் ஓரமாகப் போய் வாந்தி எடுக்கிறான். அவ்வளவுதான். யாரும் கைதிகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்த எட்டுச் சம பங்கு என் கண்ணிலேயே நிற்கிறது. கறியை மட்டும்தானா அவர்கள் அங்கே சமமாகப் பிரித்தார்கள்?

சரி, ஆக எனக்குக் கோபம் சுருக்கத்தின் மேல் இல்லை. ஒன்றோடொன்று தொடாத சுருக்கத்தின் மேல்தான். தொட்டுக்கொண்டு போகும் இடங்களில் ஒவ்வொரு பக்கமும் அடுத்த பக்கத்தின் எடையைத் தாங்குகிறது. தொடாத இடங்களில் அந்தந்தப் பக்கம் தானே தன் கடைசி வரியைக் கத்த வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் வரலாறு எடுப்பவளாகச் சொல்லியாக வேண்டும். அதே திண்ணைப் பேச்சில் டிலேனியின் மனைவி, கைதிகளைச் சுடும் பகுதியை எடுத்துவிடு, அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை என்கிறாள். ஊர் மேல் விமானத்திலிருந்து குண்டு போடுவதை எழுதினால் பரவாயில்லையா என்று அவன் கேட்கிறான். அது அத்தனை அருவருப்பாக இல்லை, குண்டு எங்கே விழுகிறது என்று போடுகிறவனுக்குத் தெரியாதே என்கிறாள் அவள். இதை மார்ச் எழுதியது 1933க்கு முன். ஸ்பெயினில் குவெர்னிகா என்ற ஊர் மேல் விமானக் குண்டு விழுந்தது 1937 ஏப்ரலில். அதற்குப் பிறகான எட்டு வருடங்களை நான் வகுப்பில் தேதி தேதியாக நடத்துகிறேன். அந்த மனைவி கெட்டவள் இல்லை. நானும் அவள் இடத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது.

பழம்புத்தகம்
ஞாயிறு, காலை 9.30

‘தொடாத சுருக்கம்’ என்று சொன்னீர்களே, அதை நான் ஏற்கிறேன் அக்கா. நான்கு முறை படித்ததில், நானே சில அத்தியாயங்களைத் தாண்டிவிட்டுத்தான் போகிறேன் என்பது இப்போதுதான் உறைத்தது. பிடித்த புத்தகத்தில் அப்படிச் செய்வது நமக்கே தெரிவதில்லை.

போருக்குப் பிந்தைய பகுதிகள் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? எனக்கு அவைதான் நாவலின் முதுகெலும்பு.

தாழை
ஞாயிறு, காலை 11.40

அங்கேதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். ஹார்மோனிகாவை நிறுத்தச் சொன்ன குவால்ஸ் ஊர் திரும்புகிறான். மாடுகள் நோயில் சாகின்றன, பயிர் அழிகிறது, குழந்தை சாகிறது. கைதிகளைக் கொன்ற பாவம் என்று நினைக்கிறான். பதுங்குகுழியில் அந்த ஒரு அசைவில் அவன் எனக்கு முழு மனிதனாகத் தெரிந்தான். திரும்பி வந்தவனை ஆசிரியர் ஒரு நீதிக்கதைக்குள் தள்ளிவிட்டார். பாவத்தின் கணக்கு அவ்வளவு ஒழுங்காக வசூலாகாது. கேப்டனின் மாடு சாகவில்லையே.

மேனுவல் பர்ட் பகுதி அப்படி இல்லை. துப்பாக்கி முனைக் கத்தியால் அவன் குத்திக் கொன்ற ஜெர்மன் பையன் வருடங்கள் கழித்து அவனைத் தேடி வருகிறான். ஏன் என்னைக் கொன்றாய் என்று கேட்கிறான். அங்கே தண்டனை வெளியிலிருந்து வரவில்லை, அவன் தலைக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பகுதியை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

புதுவரவு
ஞாயிறு, பிற்பகல் 2.05

இழையைப் படித்ததும் வாங்கலாம் என்று தோன்றுகிறது. ஆங்கிலம் கடினமாக இருக்குமா? நான் தமிழ் வழியில் படித்தவன்.

ஓய்வு ஹவில்தார்
ஞாயிறு, பிற்பகல் 3.00

தம்பி, நான் பத்தாவது வரை தமிழ் வழிதான். வாக்கியங்கள் சிறியவை. பழைய ராணுவச் சொற்கள் கொஞ்சம் வரும், அகராதி போதும். ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் படிக்காதே.

வைகைக்கரை
அடுத்த சனி, இரவு 8.45

ஒரு வாரம் இந்தப் பக்கம் வர முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பதினோராம் வகுப்பில் ஒரு பாடவேளை காலியாகக் கிடைத்தது. வெண்டல் கடிதப் பகுதியைத் தமிழில் வாய்வழியாகச் சொன்னேன். கிழிப்பது வரை சொல்லி நிறுத்திவிட்டேன். வகுப்பு அமைதியாக இருந்தது. யுத்தம், சமாதானம் என்று ஏதாவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண், அதிகம் பேசாதவள், எழுந்து கேட்டாள்: “அப்போ அந்த அம்மாவுக்கு எந்த லெட்டர்தான் டீச்சர் போச்சு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்தில் அது இல்லை. கிழித்ததோடு வெண்டல் முடிந்துவிடுகிறான், அடுத்தவன் பேசத் தொடங்கிவிடுகிறான். வழக்கமான பொய்க் கடிதம்தான் போயிருக்கும் என்று சொன்னேன். அவள் உட்காரவில்லை. “அதைப் படிச்சிட்டு அவங்க என்ன பண்ணாங்க?” என்றாள்.

113 பேர் பேசும் நாவலில் கடிதம் போய்ச் சேர்ந்த வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கும் ஒரு பக்கம்கூட இல்லை என்று அந்தப் பெண் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டிலேனியின் மனைவி முதல் அத்தியாயத்தில் பேசுகிறாள், அதுவும் அவன் சொல்லித்தான். இவ்வளவு நேரம் நாம் பக்கம் குறைவு, குரல் ஒன்று என்று பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு இந்த நாவலில் இல்லாமல் போனது எது என்பதை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எடுத்துக் கொடுத்துவிட்டாள். இதை மார்ச்சின் குறையாகச் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அந்த வீடு தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

ஓய்வு ஹவில்தார்
ஞாயிறு, காலை 5.50

டீச்சரம்மா, அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். பக்கத்து ஒன்றியத்தில் ஒரு அம்மாவின் பென்ஷன் காகிதத்தில் பெயர் எழுத்து மாறிப் போயிருந்தது. விவரம் தெரிந்தவர் என்று என்னை அழைத்துப் போனார்கள். பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அந்த அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். ரேஷன் அட்டை, பையனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், அதற்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் ஒரு கடிதம். மடிப்பில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என்னுடையது.

நான் எழுதினேன் என்று சொல்லவில்லை. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதை என்னிடம் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, காகிதத்தைப் பார்க்காமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சொன்னார். ஒரு சொல் மாறவில்லை.